ஞாயிறு மதியப் படம்

1897 மே 4. பாரிஸ் நகரத்துச் சீமாட்டிகள் ஏழைகளுக்கு நிதி திரட்ட ஒரு சந்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். மரச்சட்டமும் துணியும் அட்டையுமாகக் கட்டிய கொட்டகை. அதன் ஒரு மூலையில், அப்போதுதான் உலகத்துக்கு அறிமுகமாகியிருந்த அசையும் படம் ஓடியது. ப்ரொஜெக்டர் விளக்குக்கு ஈதர் ஊற்றும் நேரத்தில் யாரோ தீக்குச்சியைக் கிழித்தார்கள். கொட்டகை முழுதும் சில நிமிடங்களில் சாம்பலானது; 120-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சினிமாவுக்கு இன்னும் இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. அதற்குள் அதன் பெயரோடு தீ ஒட்டிக்கொண்டது.

படச்சுருளும் லேசுப்பட்ட பொருளாக இருக்கவில்லை. அந்தக் காலச் சுருள் செல்லுலோஸ் நைட்ரேட்டில் செய்தது. ஒருமுறை பற்றிக்கொண்டால், எரியத் தேவையான ஆக்சிஜனைத் தனக்குள்ளிருந்தே எடுத்துக்கொள்ளும். தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரிவது நிற்காது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1909-இல் சினிமாவுக்கென்று முதல் சட்டத்தை இயற்றியபோது அதன் கவலை முழுவதும் இதுதான்: ப்ரொஜெக்டருக்குத் தனி அறை வேண்டும், வெளியேற வழி வேண்டும், எளிதில் தீப்பற்றும் சுருளை ஓட்டும் அரங்கம் உள்ளாட்சி மன்றத்திடம் உரிமம் பெற வேண்டும். திரையில் என்ன காட்டலாம், என்ன காட்டக்கூடாது என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது. ஆனால் உரிமம் கொடுக்கும் கை, நிபந்தனையும் விதிக்கும். அந்த நிபந்தனை எதுவரை போகலாம் என்ற கேள்வி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வெடித்தது.

லண்டன் கவுன்ட்டி கவுன்சில் தான் கொடுத்த உரிமங்களில் ‘ஞாயிற்றுக்கிழமை படம் ஓட்டக்கூடாது’ என்று சேர்த்திருந்தது. லண்டன் பாலத்தருகே அரங்கம் வைத்திருந்த பெர்மாண்ட்சி பயாஸ்கோப் கம்பெனி, 1910 பிப்ரவரியில் ஒரு ஞாயிறன்று கதவைத் திறந்துவிட்டது. வழக்கு வந்தது. ஓய்வுநாளுக்கும் தீ விபத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் கம்பெனியின் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் 1911-இல் உயர் நீதிமன்றம் கவுன்சில் பக்கம் சாய்ந்தது: நிபந்தனை பாதுகாப்பைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தீயணைக்க வந்த சட்டம், அந்தத் தீர்ப்போடு எதை வேண்டுமானாலும் அணைக்கும் சட்டமாகிவிட்டது.

ஊருக்கு ஊர் ஒரு நிபந்தனை வந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்த படத்துறையினர், தாங்களே 1912-இல் ஒரு தணிக்கை வாரியத்தை அமைத்துக்கொண்டார்கள். அது அரசு அலுவலகம் இல்லை. படத்துறை கொடுக்கும் கட்டணத்தில் நடந்த தனியார் அமைப்பு. அது ‘கூடாது’ என்றால் கவுன்சில்களும் பெரும்பாலும் கூடாது என்றன. இந்தியாவில் இவ்வளவு சுற்றுவழி தேவைப்படவில்லை. 1918-இல் வந்த சினிமா சட்டம் தீப் பாதுகாப்பையும் தணிக்கையையும் ஒன்றாகவே முடிச்சுப் போட்டது; 1920-இல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் நகரங்களில் தணிக்கை வாரியங்கள் உட்கார்ந்தன. கதவு எல்லாப் பக்கமும் அடைபட்டதாகத் தோன்றியது. அதில் ஒரு சந்து இருப்பதை, ரயில் பயணம் ஒன்றில் இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள்.

அந்த இருவரில் ஒருவர் ஐவர் மாண்டேகு. வங்கிக் குடும்பம், தந்தை பிரபு. சிறிய தந்தை எட்வின் மாண்டேகு. 1919-இன் மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தில் இருக்கும் அதே மாண்டேகு. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வர வழிசெய்த இரட்டை ஆட்சி முறையின் கர்த்தா. அண்ணன் மகன் ஐவருக்கு இந்த அதிகார உலகம் பிடிக்கவில்லை. கேம்பிரிட்ஜில் விலங்கியல் படித்தார், இடதுசாரியானார், பிங்பாங் மேசைமீது அடங்காத ஆசை வைத்திருந்தார். 1926-இல் சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனத்தை உருவாக்கி நாற்பது ஆண்டுகள் அதன் தலைவராக இருந்தவரும் இவரேதான். இத்தனைக்கும் நடுவில் ஜெர்மன் திரைப்படத் துறையைப் பற்றி எழுதுவதற்காக அவர் பெர்லின் போனார். திரும்பும் ரயிலில் ஹியூ மில்லர் என்ற நடிகர் உடன் வந்தார். இருவருக்கும் ஒரே ஆதங்கம்: பெர்லினில் பார்த்த அற்புதமான படங்களில் பாதி லண்டனுக்கு வரவே போவதில்லை. வந்தவையும் வெட்டுப்பட்டுத்தான் வந்தன. அப்போது மில்லருக்கு நாடக உலகத்து ஞாபகம் ஒன்று வந்தது.

லண்டன் நாடகங்களுக்கும் தணிக்கை இருந்தது. அதைத் தாண்ட 1899-இல் ‘ஸ்டேஜ் சொசைட்டி’ என்று ஒரு சங்கம் அமைத்தார்கள். சந்தா கட்டிய உறுப்பினர்கள் மட்டும் கூடிப் பார்த்தால் அது பொதுக் காட்சி ஆகாது. பொதுக் காட்சி ஆகாவிட்டால் தணிக்கை வராது. பெர்னார்ட் ஷாவின் ‘மிஸஸ் வாரன்’ஸ் ப்ரொஃபெஷன்’ நாடகம், தடைபட்டுக் கிடந்த காலத்திலேயே, 1902-இல் அப்படித்தான் மேடை கண்டது. நாடகத்துக்கு முடிந்தது படத்துக்கு முடியாதா? ரயில் லண்டன் சேர்வதற்குள் அந்தக் கேள்வி ஒரு திட்டமாகிவிட்டது.

1925-இல் சங்கம் பிறந்தது. ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் படவிமர்சனம் எழுதிய ஐரிஸ் பேரி, அரங்க முதலாளி சிட்னி பெர்ன்ஸ்டைன், சிற்பி ஃபிராங்க் டாப்ஸன், இயக்குநர் ஏட்ரியன் புரூனெல் என்று நிர்வாகக் குழுவே ஒரு கலவை. ஆதரவாளர் பட்டியலில் ஷா, எச்.ஜி. வெல்ஸ், பொருளாதார மேதை கெய்ன்ஸ், பின்னாளில் இந்தியாவுக்கே வந்து குடியேறிய விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன். இந்தப் பெயர்கள் அலங்காரத்துக்காகச் சேர்த்தவை என்று நினைக்க முடியாது. இப்படிப்பட்டவர்கள் மூடிய அறைக்குள் படம் பார்த்தால் புரட்சி வெடித்துவிடும் என்று எந்தக் கவுன்சிலரும் வாதாட முடியாது. லண்டன் கவுன்ட்டி கவுன்சில், உறுப்பினர்களுக்கும் அவர்களுடைய விருந்தினர்களுக்கும் மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு சம்மதித்தது. வாரத்தில் அரங்குகள் சும்மா கிடக்கும் நேரம் எது என்று பார்த்தார்கள். ஞாயிறு மதியம். பெர்மாண்ட்சி கம்பெனி தோற்றுப்போன அதே ஞாயிறு!

1925 அக்டோபர் 25 அன்று ரீஜன்ட் தெருவின் நியூ கேலரி அரங்கில் முதல் காட்சி. இன்று அங்கே பெரிய துணிக்கடை இருக்கிறது. பால் லெனியின் ‘வாக்ஸ்வொர்க்ஸ்’ என்ற ஜெர்மன் படம், கதையே இல்லாமல் வடிவங்கள் மட்டும் நெளியும் ரூட்மனின் குறும்படங்கள், ஒரு பழைய கௌபாய் துணுக்கு, ஒரு சாப்ளின். கலைப்படமும் கேலிப்படமும் ஒரே வரிசையில் அமர்ந்தன. சினிமா என்பது முழுவதையும் பார்க்க வேண்டிய ஒன்று என்ற அந்த நிலைப்பாடுதான் இந்தச் சங்கத்தின் உயிர் என்பது என் எண்ணம். ஆயினும் இதுவரை அது ரசிகர்களின் மதியப் பொழுதுபோக்குதான். அதற்கு அக்கினிப் பரீட்சை வைக்கப்போகும் படம், அந்த அக்டோபரில் இன்னும் எடுத்தே முடியவில்லை.

ஆயிரத்தைந்நூறு மைல்களுக்கு அப்பால் செர்கெய் ஐசன்ஸ்டீன் என்ற 27 வயது இளைஞர், 1905 புரட்சியின் இருபதாம் ஆண்டு விழாவுக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நாடெங்கும் நடந்த எழுச்சிகளை எல்லாம் காட்டும் பிரம்மாண்டத் திட்டம். லெனின்கிராடில் வானம் மூடிக்கொண்டது, வெளிச்சம் கிடைக்கவில்லை. குழு வெயிலைத் தேடித் தெற்கே ஒடேசா துறைமுகத்துக்கு ஓடியது. திரைக்கதையில் மிகச் சிறிய பகுதியாக இருந்த ‘பொடெம்கின்’ கப்பல் கலகம், அங்கே போன பிறகு முழுப் படத்தையும் விழுங்கிவிட்டது. கடலுக்கு இறங்கும் அந்தப் பிரம்மாண்டப் படிக்கட்டைப் பார்த்த பிறகுதான் அந்தக் காட்சி ஐசன்ஸ்டீனுக்குள் உருவானது. கேமராவுக்கு ஒன்றும் கிடைக்காது என்று எல்லோரும் படுத்துவிட்ட ஒரு மூடுபனிக் காலையில், அவரும் ஒளிப்பதிவாளர் டிஸ்ஸேயும் வாடகைப் படகெடுத்துத் துறைமுகத்தைச் சுற்றினார்கள். அன்று சும்மா பிடித்த பனிதான் இறந்த மாலுமிக்கான துக்கக் காட்சியாகப் படத்தில் நிற்கிறது. வெயில் இல்லாமல் ஓடி வந்ததில் படிக்கட்டு கிடைத்தது. பனி விழுந்ததில் துக்கம் கிடைத்தது. கப்பல் மட்டும் கிடைக்கவில்லை.

உண்மைப் பொடெம்கின் ஏற்கெனவே உடைக்கப்பட்டுவிட்டது. அதன் ஜாடையில் இருந்த ‘பன்னிரு அப்போஸ்தலர்’ என்ற பழைய கப்பலைத் தேடிப் பிடித்தார்கள். ஆனால் அதன் வயிறு நிறையக் கடற்கண்ணிகள்! கடற்படை அதை வெடிமருந்துக் கிடங்காக வைத்திருந்தது. புகைக்கக் கூடாது, ஓடக் கூடாது, அதிரக் கூடாது. மேல்தளத்தில் கலகம் நடித்துக்கொண்டிருந்தவர்கள் காலடியில் இருந்தது அதுதான். 1925 டிசம்பர் 21, மாஸ்கோ போல்ஷோய் அரங்கில் விழா. படம் ஓடத் தொடங்கிய பிறகும் கடைசி ரீல்களின் படத்தொகுப்பு நடந்துகொண்டிருந்தது. உதவியாளர் அலெக்ஸாண்ட்ரோவ் மோட்டார் சைக்கிளில் ரீல்களைச் சுமந்து பறந்தார். கடைசி ரீலின் ஒட்டுகளுக்குப் பசை போட நேரமின்றி எச்சிலால் ஒட்டிக் கொடுத்ததாக ஐசன்ஸ்டீன் பின்னாளில் சொன்னார். அது ப்ரொஜெக்டரில் அறுந்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். அறுபடவில்லை.

1926 ஏப்ரலில் படம் பெர்லினைப் பிடித்தது. ஹாலிவுட்டின் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸும் மேரி பிக்ஃபோர்டும் பார்த்துவிட்டுப் புகழ்ந்தார்கள். அடுத்து லண்டன் வர வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அந்த மே மாதம் பிரிட்டனில் பொது வேலைநிறுத்தம். ரயில் இல்லை, அச்சகம் இல்லை, துறைமுகங்களில் பட்டாளம். அந்தப் பயம் அடங்குவதற்குள் தணிக்கையாளர் மேசைக்கு வந்தது, அழுகிய இறைச்சியைத் தின்ன மறுத்துக் கிளர்ந்தெழும் மாலுமிகளின் படம். வாரியம் மறுத்தது. மறுவருஷம் லண்டனில் இருந்த சோவியத் வணிக அலுவலகத்தில் போலீஸ் புகுந்து சோதனையிட்டது. இரு நாடுகளுக்கும் இடையே தூதரக உறவே அறுந்தது. பொடெம்கின் லண்டனுக்கு இனி வருவதற்கு வழியே இல்லை என்று தோன்றிய நேரத்தில், அதன் தங்கைப் படம் ஒன்று பின்வாசலில் நுழைந்தது.

புடோவ்கின் இயக்கிய ‘தாய்’. கார்க்கியின் நாவல். தமிழ் வாசகர்களுக்கு இது சொந்த வீட்டுப் புத்தகம் போல. இந்தப் படத்தையும் வாரியம் நிராகரித்திருந்தது. 1928 அக்டோபரில் சங்கம் அதைத் தன் உறுப்பினர்களுக்குக் காட்டியது. பத்திரிகைகளில் கண்டனங்கள் எழுந்தன. கவுன்சில் அனுமதியை ரத்து செய்யவில்லை. துணிந்த சங்கம் 1929 பிப்ரவரியில் ‘செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் முடிவு’ படத்தைப் போட்டது, புடோவ்கினையே மேடையேற்றியது. அன்றைய உரையில் அவர் ஒரு சோதனையை விவரித்தார். ஒரு நடிகரின் சலனமற்ற முகம். அதே முகத்துண்டைச் சூப்புக் கிண்ணத்தின் பக்கத்தில் ஒட்டினால் பசி தெரிந்தது. சவப்பெட்டியின் பக்கத்தில் ஒட்டினால் துயரம். விளையாடும் குழந்தையின் பக்கத்தில் ஒட்டினால் புன்னகை. முகம் மாறவே இல்லை, பக்கத்துப் படம்தான் மாறியது. உலகமெங்கும் திரைப்படப் பள்ளிகளில் முதல் வாரம் சொல்லித்தரும் பாடம் இது. ஆங்கிலம் அறிந்த உலகத்தில் அது பரவியது அந்த உரையாலும், அந்த ஆண்டிலேயே மாண்டேகு மொழிபெயர்த்து வெளியிட்ட புடோவ்கினின் நூலாலும்தான். இரண்டு படம் தாண்டியாயிற்று. மூன்றாவதைக் கேட்கும் தைரியம் வந்தது.

1929-இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. அக்டோபரில் மாஸ்கோவோடு உறவு திரும்பியது. ஐசன்ஸ்டீனும் ஐரோப்பாவில்தான் சுற்றிக்கொண்டிருந்தார். நவம்பர் 10, ஞாயிறு, ஸ்டிராண்ட் தெருவின் டிவோலி அரங்கம். மூன்று ஆண்டுகள் வாசலில் நின்ற பொடெம்கின் கடைசியில் உள்ளே வந்தது. ஐசன்ஸ்டீன் பார்வையாளர் வரிசையில். பெர்லினில் இந்தப் படத்துக்கு இசை எழுதிய எட்மண்ட் மைஸலே இசைக்குழுவை நடத்தக் கோலுடன் நின்றார். படத்தில் மூன்று கல் சிங்கங்கள் வரும். ஒன்று உறங்குவது, ஒன்று விழிப்பது, ஒன்று எழுவது. கண்ணிமைப்பதற்குள் அடுத்தடுத்து வருவதால் கல்லே சீறி எழுவதுபோலத் தோன்றும் காட்சி. அந்த இடம் வந்தபோது டிவோலி அரங்கில் கேட்டது சிரிப்பு.

மைஸல் தன் இசைக்கு ஏற்றபடி ப்ரொஜெக்டரின் ஓட்டத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தார். வேகம் குறைந்ததும் வித்தை வெளியே தெரிந்துவிட்டது: எழும்பிய சிங்கத்துக்குப் பதில் மூன்று தனித்தனிப் பொம்மைகள். அந்தச் சிரிப்பை ஐசன்ஸ்டீன் மறக்கவே இல்லை. பின்னாளில் எழுத்தில் பதிவு செய்தார். ஒரு ஃபிரேமின் ஆயுள் நொடியின் எந்தப் பங்காக இருக்க வேண்டும் என்பது கலையின் உயிர்ப் பிரச்சினை என்பதை அவருக்கு எந்தத் தணிக்கையாளரும் இவ்வளவு வலிக்கக் கற்பித்திருக்க மாட்டார். ஆனால் அன்றைய மதியத்தின் இன்னொரு திருப்பம், பொடெம்கின் ஓடுவதற்கு முன்பே நடந்துவிட்டது.

அதே நிகழ்ச்சியில் ‘டிரிஃப்டர்ஸ்’ என்ற பிரிட்டிஷ் படம் முதன்முறையாகத் திரை கண்டது. வடகடலில் ஹெர்ரிங் மீன் பிடிக்கப் போகிறவர்களின் வாழ்க்கை. நடிகர் இல்லை, கதாநாயகி இல்லை. எடுத்தவர் ஜான் கிரியர்ஸன். அமெரிக்காவில் பொடெம்கினை வெளியிட ஆங்கில எழுத்தட்டைகள் தயாரித்தபோது அதன் வெட்டையும் ஒட்டையும் நுணுகிப் பார்த்தவர் அவர். தாளத்தை அங்கே கற்று மீனவர் வலையில் பிரயோகித்திருந்தார். பிரிட்டிஷ் ஆவணப்பட இயக்கம் அன்று தொடங்கியது. கிரியர்ஸனின் சீடர் பேஸில் ரைட் ஐந்தே ஆண்டுகளில் இலங்கைத் தேயிலை வாரியத்துக்காக ‘சாங் ஆஃப் சிலோன்’ எடுத்தார். அதில் ஒலிக்கும் குரல் கொழும்புக் கலைஞர் லயனல் வென்ட்டுடையது. அந்த ரைட், 1929-இன் கடைசி வாரங்களில் சேரிங் கிராஸ் சாலை ஃபாயில்ஸ் புத்தகக் கடையின் மாடியறையில் சங்கம் ஏற்பாடு செய்த ஐசன்ஸ்டீன் வகுப்பில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த மாணவர்களில் ஒருவர். அதே பட்டறையில் ஹான்ஸ் ரிக்டர் எடுத்த ஒரு சோதனைப் படத்தில் ஐசன்ஸ்டீன் லண்டன் போலீஸ்காரர் வேஷம் கட்டினார். வாசலுக்கு வெளியே இருந்த நிஜப் போலீஸ், இந்த வேடிக்கையில் சேர்வதாக இல்லை.

ஏனென்றால் கேள்வி இப்போது வேறு இடத்திலிருந்து வந்தது. கெய்ன்ஸ் பார்க்கலாம், ஷா பார்க்கலாம். சுரங்கத்தில் வேலை செய்பவர் பார்க்கக் கூடாதா? கல்கத்தாவில் பிறந்தவரும் இந்திய விடுதலைக்குக் கடைசிவரை குரல் கொடுத்தவருமான எம்.பி. ஃபென்னர் பிராக்வே, தொழிலாளர்களுக்காக மிகக் குறைந்த சந்தாவில் ஒரு நாடக, திரைப்படச் சங்கம் நடத்தினார். 1930-இல் அது ‘தாய்’ படத்துக்கு அனுமதி கேட்டது. ஏற்கெனவே ஒருமுறை அனுமதித்த அதே லண்டன் கவுன்ட்டி கவுன்சில் கைவிரித்தது. படம் அதேதான்; பார்ப்பவர் பர்ஸ்தான் வேறு. அரசியல் தணிக்கையைப் பற்றி முந்தைய ஆண்டே ஒரு துண்டுநூல் எழுதியிருந்த மாண்டேகு, தான் கண்டுபிடித்த சந்து பணக்காரர்களின் தனிவழியாகிவிட்டதைக் கண்முன்னே பார்த்தார். வழி வேறெங்கோ இருந்தது. அதே 1909 சட்டத்துக்குள்ளேயே ஒளிந்திருந்தது.

சட்டம் பேசியது எளிதில் தீப்பற்றும் சுருளைப் பற்றி மட்டும். 16 மில்லிமீட்டர் சுருள், வீடுகளில் ஓட்டுவதற்காக, நைட்ரேட்டைத் தவிர்த்து அசிட்டேட்டில் செய்யப்பட்டது. அது குபீரென்று பற்றாது. சுருங்கிப் புகைந்து நின்றுவிடும். தீப்பற்றாத படத்துக்குத் தீச்சட்டம் எப்படிச் செல்லும்? 1933-இல் தொடங்கிய ‘கினோ’ என்ற குழு பொடெம்கினின் 16 மி.மீ. பிரதியை வைத்துக்கொண்டு, கூட்ட அரங்குகளிலும் தொழிற்சங்கக் கட்டடங்களிலும் வெள்ளைத்துணி கட்டியது. மறு ஆண்டு டர்ஹாம் பகுதியில் போல்டன் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் இப்படி ஒரு காட்சி நடத்தியதற்காகப் போலீஸ் வழக்குப் போட்டது. சுருள் எளிதில் எரியக்கூடியது என்று நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பின் பொறுப்பு. நிரூபிக்க முடியவில்லை. கால் நூற்றாண்டாகக் கருத்துக்குப் பூட்டாக இருந்த சட்டம், அதன் சொந்தச் சொற்களாலேயே திறந்துகொண்டது.

லண்டன் சங்கம், நூற்றுக்கும் மேற்பட்ட ஞாயிறு நிகழ்ச்சிகளுக்குப் பிறகு, 1939-இல் கடையைக் கட்டியது. உலகப் போர் வாசலில் நின்றது. அதற்குள் கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் அதே அச்சில் சங்கங்கள் முளைத்திருந்தன. ஐரிஸ் பேரி நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் திரைப்பட நூலகம் தொடங்கியிருந்தார். ரீஜன்ட் தெருவில் 1925-இல் தொடங்கியபோது அந்தச் சங்கத்துக்கு ஊர்ப் பெயர்கூட முன்னால் வைக்கவில்லை. பிரிட்டனில் அதுபோல வேறொன்று இல்லை. பத்திரத்தில் இருந்தது இரண்டே சொல்: ஃபிலிம் சொசைட்டி. சந்தா, உறுப்பினர் அட்டை, ஞாயிறு அல்லது மாலைக் காட்சி, தணிக்கைச் சான்றிதழ் இல்லாத அயல்நாட்டுப் படம், ஒரு பக்கத்துக்குக் குறிப்புத் தாள், முடிந்ததும் வாசலில் நின்று சண்டை. சென்னையிலும் கோவையிலும் திருவனந்தபுரத்திலும் தலைமுறைகள் பழகிய அந்த ஏற்பாடு முழுவதும், சந்தாவிலிருந்து சண்டைவரை, அங்கே உருவானதுதான். கடல் தாண்ட மட்டும் கொஞ்ச காலம் பிடித்தது.

1947 அக்டோபர். சுதந்திரம் வந்து இரண்டு மாதம் ஆகவில்லை. கல்கத்தாவில் விளம்பரக் கம்பெனி ஓவியர் ஒருவரும் அவருடைய நண்பர் சிதானந்த தாஸ்குப்தாவும் சேர்ந்து கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். ஓவியரின் பெயர் சத்யஜித் ராய். முதல் படமாக அவர்கள் தேர்ந்தது பொடெம்கின்! சினிமாக்காரர்கள் வந்தால் வீட்டின் புனிதம் கெடும் என்று ஒரு வீட்டில் கூட்டம் நடத்தவிடாமல் விரட்டியதையும் ராய் பின்னாளில் எழுதினார். 1950-இல் கம்பெனி அவரை ஆறு மாதம் லண்டன் அலுவலகத்துக்கு அனுப்பியது. அலுவலக வேலை போக அவர் பார்த்த படங்கள் சுமார் நூறு. அவற்றில் ஒன்று ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. திரும்பும் கப்பலில் ‘பதேர் பாஞ்சாலி’க்கான குறிப்புகள் தொடங்கின. பிரிட்டனோ தன் தணிக்கையைப் பொடெம்கின்மீது 1954 வரை தளர்த்தவில்லை.

லண்டனில் இருந்து வந்த இன்னொருவர் மேரி சீட்டன். ஐசன்ஸ்டீனின் வாழ்க்கை வரலாற்றை 1952-இல் எழுதியவர். 1955-இல் இந்தியக் கல்வி அமைச்சகத்தின் அழைப்பில் வந்து, ஊர் ஊராகப் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். சென்னையில் 1957-இல் மெட்ராஸ் ஃபிலிம் சொசைட்டியை அம்மு சுவாமிநாதன் முன்னின்று தொடங்கினார். அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர். கேப்டன் லட்சுமியின் தாய். 1959 டிசம்பரில் நாட்டின் சங்கங்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்தபோது ராய் தலைவர். நிர்வாகிகளில் இந்திரா காந்தியும் ஒருவர். பின்னர் அவர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். உறுப்பினர் காட்சிகளுக்குத் தணிக்கையிலிருந்து விலக்கு வாங்க அந்தப் பழைய உறவு உதவியது. ஷாவும் வெல்ஸும் செய்த வேலையை இங்கே வருங்காலப் பிரதமர் செய்தார்.

சென்னைக்கு வந்து சேர்ந்த கிளை இன்னொன்றும் உண்டு. புடோவ்கின் இந்தியா வந்தபோது கல்கத்தாவில் நிமாய் கோஷின் ‘சின்னமூல்’ படத்தைப் பார்த்தார். பிரிவினை அகதிகளின் கதை. உருகிப்போய், சோவியத் நாட்டில் அது வெளியாக வழிசெய்தார். அந்த நிமாய் கோஷ் பிழைப்புத் தேடிச் சென்னை வந்து 1960-இல் ‘பாதை தெரியுது பார்’ எடுத்தார். தொழிலாளர் வாழ்க்கையைப் பேசிய அந்தத் தமிழ்ப் படத்துக்கு இசை எம்.பி. சீனிவாசன். 1977-இல் அதே சீனிவாசனைப் பேராசிரியராக நடிக்கவைத்து ஜான் ஆப்ரஹாம் ‘அக்ரஹாரத்தில் கழுதை’யை எடுத்தார். தேசிய விருது கிடைத்தது, திரையரங்கு கிடைக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் பார்த்தது ஃபிலிம் சொசைட்டிகளின் மடக்கு நாற்காலிகளில்தான். ஜானுக்கு அது போதவில்லை.

1984-இல் கோழிக்கோட்டில் அவரும் நண்பர்களும் ஒரு மக்கள் குழுவை அமைத்தார்கள். பெயர் ‘ஒடேசா’. சாப்ளினின் ‘தி கிட்’ படத்தின் பிரதியோடு கிராமம் கிராமமாகப் போனார்கள். சந்தா கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாது, கதவும் கிடையாது. படம் முடிந்ததும் துண்டை விரித்து, அடுத்து எடுக்கப்போகும் படத்துக்குக் காசு கேட்டார்கள். கூலிக்காரரும் ஆசிரியரும் மாணவரும் போட்ட சில்லறையில் 1986-இல் ‘அம்ம அறியான்’ முடிந்தது. தயாரிப்பாளர் என்று சொல்ல ஒரு ஆள் இல்லாத அந்தப் படத்தை, காசு போட்டவர்களிடமே கொண்டுபோய்க் காட்டினார்கள்.